அம்பிட்டிய மலையில் கேட்ட ஒரு கேள்வி

குருமடத்திற்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இறுதியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே. அவர்கள் அங்கே என்ன உண்கிறார்களோ, எப்படி உறங்குகிறார்களோ, எத்தகைய குருவாக வெளிவருவார்களோ என்னும் கவலைதான் அது. எங்கள் பங்கில் அத்தகைய குடும்பங்கள் நான்கு உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்று நாங்கள் பேசிய பேச்சுகளே, எங்களைக் கடல் கடந்து கண்டி மாநகர்வரை அழைத்துச் சென்றன என்றால் அன்பர்கள் வியப்படையலாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்களுள் ஒருவருடைய மகன் குருமடத்தில் தத்துவக் கல்வியை முடித்திருந்தான். நல்ல குரல் வளம். மேடையேறினால் கூட்டம் அசையாது கேட்கும். விடுமுறைக்கு வந்தால் பங்கே அவனைச் சுற்றிச் சுழலும். ஓராண்டு எங்கள் பங்கின் திருவிழாவைக் கொடியேற்றம் முதல் சப்பரப் பவனி ஈறாக அவன் ஒருவனே நின்று நடத்தினான். பாடற்குழுவுக்கு அவனே தலைவன். ஒலிபெருக்கியில் அவனே அறிவிப்பாளன். சப்பரத்திற்குப் பூக்கட்டுவோரிடமும் அவனே மேற்பார்வையாளன். ஆண்டுதோறும் அவ்வேலைகளைச் செய்துவந்த பெரியவர்கள் கைகட்டி ஒதுங்கி நின்றார்கள். நாங்களோ, “இவனல்லவோ தலைவன்! இவன் ஒரு நாள் ஆயராவான்” என்று பூரித்துப் போனோம்.

அடுத்த ஆண்டு அவனுக்கு இறையியல் வகுப்புக் கிடைக்கவில்லை. ஓராண்டுக் காலம் ஒரு சிற்றூர்ப் பங்கில் தங்கி, அங்குள்ள உபதேசியாருக்கு உதவியாகப் பணிபுரியுமாறு அவனைப் பணித்தனர். பெற்றோருக்கு வந்த மடலில் காரணம் ஒரே வரியில் இருந்தது: “இவர் எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறார், ஆனால் பிறரைச் செய்யவிடுவதில்லை.” தந்தையார் அந்த வரியைப் பலமுறை படித்தார், பொருள் விளங்கவில்லை. தாயார் அழுதார். ஊரார், “மடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாமே?” என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். அந்த அனுதாபம் ஏச்சைக் காட்டிலும் சுட்டது. தலைமைப் பண்பு உள்ள பிள்ளைக்கு இதுவா பரிசு என்று நாங்கள் எல்லோருமே மனம் குமுறினோம்.

இந்நிலையில் எங்கள் பங்குத்தந்தை ஒரு யோசனை கூறினார்: “வருகிற சனவரியில் புனித சூசை வாஸ் அடிகளாரின் திருநாளுக்குக் கண்டிக்குப் போய்வாருங்கள். அங்கே அம்பிட்டிய என்னும் இடத்தில், நம் நாட்டுக் குருக்களும் ஆயர்களும் பலர் உருவான பழைய குருமடம் இருக்கிறது. அதையும் பாருங்கள். எனக்குத் தெரிந்த முதிய குரு ஒருவர் அங்கே உங்களுக்கு எல்லாம் விளக்குவார்.” இவ்வாறு 2024 சனவரியில் நாங்கள் எண்மர் புறப்பட்டோம்.

பழைய வழியும் புதிய வழியும்

இக்காலத்தில் திருச்சியில் வானூர்தி ஏறினால், செபமாலையின் பத்து மணிகளைச் சிலமுறை உருட்டுவதற்குள் கொழும்பு வந்துவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அம்பிட்டியவுக்குப் படிக்கப் போன நம் தென்னாட்டு இளைஞர்களுக்கு வழி அத்துணை எளிதாயில்லை. தூத்துக்குடியில் கப்பலேறி, இரவெல்லாம் அலையில் ஆடிக் கொழும்பு சேரவேண்டும். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிவரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னார்வரை கப்பலும், மீண்டும் இரயிலுமாக வழி அமைந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்துபோனது. தகரப் பெட்டியும் தாயார் கட்டிக்கொடுத்த சோற்றுமூட்டையுமாக அவ்வழியே போன இளைஞர்களை எண்ணிக்கொண்டே நாங்கள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் கண்டி இரயிலில் அமர்ந்தோம்.

இராம்புக்கனை தாண்டியதும் இரயில் மலையேறத் தொடங்குகிறது. ஒருபுறம் பாறைச் சுவர்; மறுபுறம் அதல பாதாளம்; கீழே படிப்படியாக வயல்களும் தென்னந்தோப்புகளும். அப்போது ஒருவர் கைகாட்ட, தொலைவில் ஒரு மலை தெரிந்தது. உச்சி தட்டையாகி, மேடைமேல் விரித்துவைத்த நூலைப்போல் காட்சியளிக்கும் அதற்குச் சிங்களத்தில் பத்தலேகலை என்று பெயர். ஆங்கிலேயர் அதனை விவிலியப் பாறை என்றழைத்தனர். பெண்கள் சிலுவை வரைந்துகொண்டார்கள். கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து, பேராதனையைத் தாண்டி, பிற்பகலில் கண்டி வந்து சேர்ந்தோம்.

ஏரிக்கரையில் இரு தலைவர்கள்

கண்டி நகரின் நடுவே கண்ணாடி போன்ற ஏரி ஒன்று கிடக்கிறது. சுற்றிலும் மலைகள், கரையில் புத்தரின் தந்தம் வைத்து வணங்கப்படும் தலதா மாளிகை. இந்த ஏரியை அமைத்தவன் கண்டியின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். மதுரை நாயக்கர் உறவின்முறையில் வந்த மரபினன். வயலாய்க் கிடந்த நிலத்தை ஏரியாக்கக் குடிமக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தான் என்றும், எதிர்த்தவர்களைக் கொடிய தண்டனைக்கு உள்ளாக்கினான் என்றும் இன்றும் சொல்லுவர். 1815இல் அவனுடைய தலைவர்களே அவனைக் கைவிட, நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மாண்டான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் எழுந்திருப்பதை வேலூர்ப் பக்கத்து அன்பர்கள் அறிவார்கள்.

இதே நகரில் அவனுக்கு ஒரு நூற்றாண்டிற்கு முன் வேறொரு தலைவர் வாழ்ந்தார். அவருக்கு மண்டபமில்லை. கல்லறைகூட இன்ன இடமென்று எவருக்கும் தெரியாது. அவரே புனித சூசை வாஸ் அடிகளார். கோவாவில் 1651இல் பிறந்த இவர், ஒல்லாந்தரால் குருக்கள் துரத்தப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திருப்பலியின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி, 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தார். கழுத்தில் செபமாலை அணிந்து பிச்சையெடுப்பவர்போல் வீடுவீடாய்ச் சென்று தம் மக்களைக் கண்டுபிடித்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சிறைப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவி, அரசனும் பெருமக்களும் நகரைவிட்டு அகன்றபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடியெடுத்துக் கழுவி உணவூட்டி, இறந்தோரைத் தம் கையால் அடக்கம் செய்தார்.

எங்களுள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. சனவரி 16ஆம் நாள் திருநாள் திருப்பலி முடிந்து, புனித அந்தோனியார் பேராலயத்திலிருந்து வெளிவருகையில் அவர் கேட்டார்: “முப்பது ஆண்டு குருவின்றி இருந்த மக்கள், விசுவாசம் மாறாது எப்படி நிலைத்தார்கள்?” விடை அடிகளாரின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தார்கள். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர்களும், மரணத் தறுவாயில் செபம் சொன்னவர்களும், மாலையில் பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவர்களும் அவர்களே. வாஸ் அடிகளார் வந்தபின் அவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே எல்லாம் செய்யவில்லை. அவர்களை இன்னும் உறுதிப்படுத்தி, அவர்கள் இல்லாத ஊர்களில் புதியவர்களை ஏற்படுத்தினார். ஓர் ஊருக்கு அவர் மறுபடி வர மாதங்கள் பல ஆகும். அந்த இடைவெளியில் ஊர்ச் சபை நின்றுபோகாதபடி ஆள் வைத்துவிட்டே அவர் அடுத்த ஊருக்கு நடந்தார். 1711 சனவரி 16இல் அவர் கண்மூடியபோதும் பணி ஓயவில்லை. அவருக்குப்பின் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் போன்றோர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அதனைத் தொடர்ந்தனர். 2015 சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இதைப் பேசிக்கொண்டே நடந்தபோது, அந்தப் பிள்ளையின் தந்தையார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்தார். எங்கள் திருவிழாவில் கைகட்டி ஒதுங்கி நின்ற பெரியவர்களை அவர் நினைத்திருக்கக்கூடும். நாங்களும் நினைத்தோம்.

மலைமேல் ஒரு குருமடம்

அம்பிட்டிய, கண்டி நகரிலிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது. சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முந்திய நாள்தான் பொங்கல் கழிந்திருந்ததால் வழியில் தமிழர் வீடுகளின் வாசலில் கோலம் இன்னும் அழியாதிருந்தது. மலைச்சரிவில் மரங்களுக்கிடையே குருமடம் தோன்றியபோது, முதலில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது அங்கு நிலவிய அமைதியே. காற்றும் பறவையொலியும் தவிர வேறு ஓசையில்லை.

பங்குத்தந்தை குறிப்பிட்ட முதிய குரு எங்களுக்காகக் காத்திருந்தார். மலைநாட்டுத் தமிழர்; 1960களின் இறுதியில் இங்கே பயின்றவர்; இப்போது ஓய்விலிருப்பவர். அவரே வரலாற்றை எடுத்துரைத்தார்.

1893ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், கீழ்த்திசை நாடுகளுக்கு அந்நாடுகளின் புதல்வர்களே குருக்களாக வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தி ஒரு சுற்றுமடல் விடுத்தார். வெளிநாட்டு மறைபோதகர் எத்துணைப் புனிதராயினும் மக்களின் மொழியும் பழக்கமும் அவர்க்கு முழுதும் வசப்படுவது அரிது. அவர் வருகை நின்றுபோனால் மந்தை மேய்ப்பரின்றி நிற்கும் என்பதே அவர் கண்ட உண்மை. இந்தியாவின் மீட்புப் பணியாளர் இந்தியாவின் பிள்ளைகளாகவே இருப்பர் என்பது அவர் இக்குருமடத்திற்கு வழங்கிய விருதுவாக்கின் கருத்து. அவருடைய பிரதிநிதியாய் விளங்கிய போலந்து நாட்டு ஆயர் சலெஸ்கி இவ்விடத்தில் குருமடத்தை நிறுவினார். பெல்ஜிய நாட்டு இயேசு சபையார் அதனை நடத்தினர்; கிரோழான் அடிகளார் முதல் அதிபர்.

தமிழர், மலையாளிகள், கொங்கணியர், சிங்களர் எனப் பல மொழியினர் ஒரே கூரையின்கீழ் இங்கே பயின்றார்கள். எர்ணாகுளம் பேராயராய் விளங்கிய அகுஸ்தீன் கண்டத்தில், இந்தியாவின் முதற் கர்தினாலாக 1953இல் உயர்ந்த வலேரியன் கிராசியாஸ், 1969இல் கர்தினாலான யோசேப்பு பாரேக்காட்டில் ஆகியோர் இம்மடத்து மாணவர்களே. இந்தியாவும் இலங்கையும் தனித்தனியே விடுதலை பெற்றபின், 1955இல் இக்குருமடம் மராட்டிய நாட்டின் பூனா நகருக்கு மாற்றப்பெற்றது. காலியான இடத்தில் இலங்கை ஆயர்கள் தங்கள் நாட்டுக்கென இலங்கை அன்னை தேசியக் குருமடத்தை அமைத்தனர்.

“கவனித்தீர்களா?” என்றார் அக்குரு. “பெல்ஜிய நாட்டுச் சுவாமிமார் இங்கே செய்த வேலை என்ன? தங்களுக்குப் பதிலாக நிற்கக்கூடியவர்களைத் தங்கள் கையாலேயே உண்டாக்கினார்கள். உண்டாக்கிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். தாம் தேவைப்படாத நாளை எதிர்நோக்கி உழைப்பது எல்லார்க்கும் ஆகிற காரியமல்ல.”

இளம் மாணவர் ஒருவர் தட்டில் தேநீர் கொண்டுவந்தார். சிங்களர். “தேநீர் எடுங்கோ அம்மா” என்று நிறுத்தி நிறுத்தி அவர் தமிழில் சொன்னபோது, எங்கள் பெண்கள் மகிழ்ந்துபோனார்கள். அவர் நாணத்தோடு சிரித்து, வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். முதிய குரு சொன்னார்: “இதுவும் பயிற்சிதான். நெடுங்காலம் போரில் பிளந்து, 2009இல் துப்பாக்கி ஓய்ந்த நாடு இது. மற்றவன் மொழியில் தடுமாறப் பழகாதவன் இங்கே யாருக்கு மேய்ப்பனாக முடியும்? தடுமாறுகிறவன் பிறரைப் பார்த்துச் சிரிக்கமாட்டான்.”

கங்காணியா, மேய்ப்பனா?

அந்தத் தந்தையார் அதற்குமேல் பொறுக்கவில்லை. தம் மகனின் கதையை முழுதும் சொல்லி, பையிலிருந்த மடலையும் எடுத்து நீட்டினார். “சாமி, தலைவனாக வரவேண்டியவனுக்குத் தலைமைக் குணம் இருப்பது குற்றமா?” என்று கேட்டபோது அவர் குரல் கம்மியது.

குரு மடலைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பின் தம் கதையைக் கூறலானார்.

“நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாய் நிற்கவேண்டும். என் சிறுவயதில் தலைவன் என்றால் எங்களுக்குத் தெரிந்தவர் கங்காணி ஒருவரே. நல்ல கங்காணியும் உண்டு, பொல்லாதவரும் உண்டு. ஆனால் யாராயினும் அவர் இருக்கும்வரைதான் வேலை நடக்கும். அவர் அடுத்த மலைக்குப் போனால் கொழுந்து பறிக்கும் கை தளரும். கங்காணியின் தலைமை அவருடைய பார்வை எட்டுகிற தூரம்வரைதான்.

“எங்கள் தோட்டத்துச் சிறுகோவிலுக்கு ஓர் உபதேசியார் இருந்தார். அதிகம் படிக்காதவர். குரு மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான். ஆனால் செபமாலையை அவர் தாமாகத் தொடங்கமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பையனைக் கூப்பிட்டு, ‘இன்றைக்கு நீ சொல்லு’ என்பார். நாங்கள் தப்பாய்ச் சொல்வோம், பெண்கள் சிரிப்பார்கள், அவர் கடைசி வரிசையில் முழங்காலிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மறுமொழி சொல்வார். 1964இல் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கையால் தோட்டமக்களில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். உபதேசியார் குடும்பத்துக்கும் முறை வந்தது. தலைமன்னாரில் கப்பலேறப் போனார். எல்லாரும் அழுதோம். அடுத்த ஞாயிறு கோவில் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தார்கள். பூட்டிக் கிடக்கவில்லை. நானும் இன்னொரு பையனும் செபமாலை தொடங்கினோம். எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. அவன் பிற்பாடு உபதேசியாரானான். நான் இங்கே வந்தேன்.”

சற்று நிறுத்தித் தொடர்ந்தார்: “இங்கே மாணவராய் இருந்தபோது, ஞாயிறு தோறும் பக்கத்து ஊர்களுக்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கப் போவோம். மாலையில் திரும்பி வந்து, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன பாடம், என்ன பாட்டு என்று பெருமையாய்ச் சொல்வோம். எங்களைக் கவனித்துவந்த சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்: ‘உன் இடத்தில் யாரை விட்டு வந்தாய்?’ முதல் ஆண்டு எனக்கு விடையில்லை. இரண்டாம் ஆண்டில், அவ்வூர்ப் பெண்பிள்ளை ஒருத்தியைப் பாடம் சொல்லப் பழக்கினேன் என்று சொன்னேன். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எந்தத் தேர்வில் முதன்மை பெற்றபோதும் நான் காணவில்லை.”

எங்களுள் எவரும் பேசவில்லை. மடலின் ஒற்றை வரிக்குப் பொருள் விளங்கிவிட்டது.

சிறு வேலைகளின் பள்ளி

பின்னர் அவர் குருமடப் பயிற்சியைப் பற்றி விளக்கிக் கூறியவை, நம் குடும்பங்கள் யாவும் அறியத்தக்கவை.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் குருமடம் என்றால் படிப்பும் செபமும் மட்டுமே தெரியும். உள்ளே நூறு சிறு வேலைகள் உண்டு. மணியடிக்கும் பொறுப்பு ஒருவனுக்கு. அவன் பிறருக்கு முன் எழவேண்டும். அவனே முதலில் நேரத்துக்குக் கீழ்ப்படிந்தாலன்றிப் பிறர் அவன் மணிக்குக் கீழ்ப்படியார். நோயாளியைக் கவனிப்பவன் ஒருவன். திருவுடைகளைப் பேணுபவன் ஒருவன். உணவறை, நூலகம், தோட்டம், விளையாட்டு என ஒவ்வொன்றுக்கும் ஒருவன். மாணவர் தலைவனாய் இருந்தவன் தன் காலம் முடிந்ததும் பிறரோடு சேர்ந்து தட்டுக் கழுவுவான். “மேலே ஏற எல்லாரும் கற்கலாம், இறங்கக் கற்பதற்குத்தான் மடம் வேண்டும்” என்றார் குரு.

இப்பயிற்சிமுறை ஒருவர் மனம்போன போக்கில் ஏற்பட்டதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடு இரண்டு காரியங்களைத் தெளிவாக்கியது. குரு மாணவர் ஆதிக்கத்துக்கோ பெருமைக்கோ அழைக்கப்படவில்லை, இறைவனுக்கும் மக்களுக்கும் ஊழியம் புரியவே அழைக்கப்படுகின்றனர் என்பது ஒன்று. வயதுக்கேற்ப ஒழுங்குகளைத் தளர்த்தி, தம்மைத் தாமே ஆளவும், சுதந்திரத்தை அறிவோடு பயன்படுத்தவும், தோழரோடும் பொதுநிலையினரோடும் இணைந்து உழைக்கவும் அவர்களைப் பழக்கவேண்டும் என்பது மற்றொன்று. படிப்பை இடைநிறுத்திச் சிறிது காலம் வெளியே பணிபுரியச் செய்வதற்கும் அதே ஏடு இடமளிக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஓராண்டு தண்டனையன்று. பாடத்தின் ஒரு பகுதியே.

1992இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதே பொருள்பற்றி விடுத்த திருமடலில், மனிதப் பண்பு, ஆன்மிகம், கல்வி, மேய்ப்புப் பணி என்னும் நான்கு துறைகளிலும் பயிற்சி வேண்டும் என்றார். குருவின் மனிதத்தன்மை மக்கள் கிறிஸ்துவிடம் செல்லப் பாலமாக இருக்கவேண்டும், தடைக்கல்லாக இருத்தலாகாது என்பது அவர் கருத்து. 2016 டிசம்பர் 8இல் உரோமையிலிருந்து வந்த புதிய பயிற்சி நெறியோ, குருக்கள் தம்மை மக்களுக்கு மேற்பட்ட வகுப்பாராக எண்ணும் மனப்பான்மையை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. அதுமட்டுமன்று, குரு மாணவரை உருவாக்கும் பொறுப்பு மடத்துக்கு மட்டுமல்ல, அவர் பிறந்த குடும்பத்துக்கும் பங்குக்கும் உண்டென்றும் கூறுகிறது.

“அந்தக் கடைசிப் பகுதியை உங்கள் ஊரில் யாராவது வாசித்தார்களா?” என்று குரு புன்னகையோடு கேட்டார்.

நாங்கள் தலைகுனிந்தோம். அங்கியணிந்து பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் நாளே, தாத்தாவின் நாற்காலியை அவனுக்குப் போட்டவர்கள் நாங்கள். தங்கைமார் நின்று பரிமாற அவனை முதலில் உண்ணவைத்தவர்கள் நாங்கள். உண்ட தட்டை அவன் எடுக்கப் போனால், “ஐயோ சாமி, நீங்கள் எடுக்கலாமா?” என்று பிடுங்கிக் கொண்டவர்கள் நாங்கள். மடத்தில் பத்து மாதம் தட்டுக் கழுவக் கற்றதை, இரண்டு மாத விடுமுறையில் மறக்கச் செய்தோம். பெரியவர்கள் கூட்டத்தில் இருபது வயது இளைஞனின் சொல்லே இறுதிச் சொல்லாக இருக்கவிட்டோம். பிறகு, பிறரைச் செய்யவிடாத குணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று மடத்தைக் கேட்டோம்!

மோயீசன் காலைமுதல் மாலைவரை தனியொருவராய் மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்தபோது, அவருடைய மாமனார் எத்திரோ வந்து, ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்து என்று அறிவுரை கூறியதை விடுதலைப் பயண நூலில் படிக்கிறோம். அந்த அறிவுரை குருமடத்து அதிபரிடமிருந்து வரவில்லை. குடும்பத்துப் பெரியவரிடமிருந்தே வந்தது. எங்கள் பிள்ளைக்கு ஓர் எத்திரோவாக நாங்கள் எவரும் இருக்கவில்லை.

மாலை மணி ஒலித்தது. மாணவர்கள் செபத்திற்காகக் கோவிலை நோக்கி நடந்தார்கள். மணியடித்த மாணவர் கயிற்றை விட்டுவிட்டு வரிசையின் கடைசியில் ஓடிவந்து சேர்ந்தார். பாதம் கழுவிய ஆண்டவர் நினைவுக்கு வந்தார். தாம் போவது சீடர்களுக்கு நன்மையே என்று அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டுக் காலம் பன்னிருவரைப் பழக்கி, இருவர் இருவராய் அனுப்பி, தவறியபோது திருத்தி, இறுதியில் எல்லாவற்றையும் அவர்கள் கையில் விட்டுச் சென்றவரல்லவோ அவர்!

ஊர் திரும்பியபின்

கண்டியிலிருந்து திரும்பிய சில வாரங்களில் நாங்கள் அந்தச் சிற்றூருக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. பாடற்குழுவில் அவன் குரலைத் தேடினோம், கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டைத் தொடங்கினாள். சுருதி சற்று விலகியது. அவன் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்து, எல்லாரோடும் சேர்ந்து மறுமொழி பாடிக்கொண்டிருந்தான். உபதேசியார் வாசகம் படிக்க எழுந்தபோது, அவருக்கு மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் தந்தையார் அவனிடம் மடலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்பிட்டிய குரு கேட்ட கேள்வியை மட்டும் சொன்னார். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “முதல் மூன்று மாதம் மிகவும் கோபமாக இருந்தேன், அப்பா” என்றான். பிறகு, “அந்தப் பெண் போன மாதத்தைவிட இந்த மாதம் நன்றாகப் பாடுகிறாள்” என்றான். அவன் மறுபடி மடத்துக்குச் செல்வானா, குருவாவானா என்பது இறைவன் திருவுளம். ஆனால் அன்று அவனிடம் கண்டதை நாங்கள் இதற்குமுன் கண்டதில்லை. அன்று மதியம் உணவு முடிந்ததும் அவன் தன் தட்டை எடுத்தான். தாயாரின் கை வழக்கம்போல் நீண்டது. பிறகு தானாகவே பின்வாங்கியது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலோ பங்கிலோ குருமடத்துப் பிள்ளை ஒருவன் இருந்தால், வருகிற விடுமுறையில் அவனுக்கு நாற்காலி போடாதீர்கள், வேலை கொடுங்கள். அவன் செய்த காரியங்களைப் புகழுமுன், அவன் யாரைச் செய்யவைத்தான் என்று பாருங்கள். அவன் ஊருக்குத் திரும்பும் நாளில், அம்பிட்டிய மலையில் எங்களுக்குக் கிடைத்த அக்கேள்வியை அன்போடு கேட்டு அனுப்புங்கள்: “மகனே, உன் இடத்தில் யாரை விட்டுப் போகிறாய்?”